பெரட்டுக்கு நேரமாச்சு

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். தம்பி லண்டனிலிருந்து லீவுக்கு வந்தவர்.

“எம் மகளுக்குத் தமிழ்ல ஒரே ஒரு வார்த்ததாண்ணே தெரியும்.”

“என்னடா அது?”

“பெரட்டு.”

அண்ணன் சிரித்துவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பதைத்தான் பெரட்டு என்போம்.

“ஸ்கூலுக்கு எழுப்பறப்ப ‘பெரட்டுக்கு நேரமாச்சு’ம்பேன். நம்ம அம்மா கம்பளிய உருவிக்கிட்டு எழுப்புமே, அதே மாதிரி.”

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் அப்படித்தான் எழுப்புவார்கள்.

“இவ டீச்சர்கிட்ட அது தமிழ்னு சொல்லியிருக்கா. ‘அது எங்க இங்கிலீசு, பரேட்’னு அந்தம்மா சொல்லிருச்சாம்.”

“அப்ப அந்த ஒண்ணும் போச்சா! ஏன்டா வேற சொல்லிக் குடுக்கல?”

“போன நாட்டுப் பாஷ போதும்னு நாந்தாண்ணே இருந்தேன். சிங்களம் தெரியாம அப்பா ஆபீஸ் ஆபீஸா கைகட்டி நின்னத மறக்க முடியல.”

“அதக் குத்தம் சொல்லல. அவ நல்லாப் பேசட்டும்.”

“இப்ப, நெசமான தமிழ் வார்த்த ஒண்ணு சொல்லுங்கப்பாங்கிறா. எதச் சொல்றதுன்னே தெரியல.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பெரியப்பான்னு சொல்லிக் குடு. போன்ல என்னய அங்கிள்ங்கிறா. வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்குடா.”