மேட்டில் கால் எடுக்காதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் நல்லபடி பேசிப்போன பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் தம்பி நிதானத்தின் மனைவியே, மகளே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பட்டறைத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். என் கையில் தாள் இல்லை. இருந்தாலும் பயனில்லை. எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. நெஞ்சில் இருப்பதைச் சொல்கிறேன்.

கார் ராலிப் பந்தயத்தில் ஐந்து முறை வாகை சூடிய நம் நிதானம் அவர்கள் போய்ச் சேர்ந்து இன்றோடு ஒன்பது நாள். நிதானம்! பெற்றவர்கள் வைத்த பெயரா அது? ஊருக்குள் அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்து நாம் வைத்த பெயர். பால்காரர் சைக்கிளில் அவரை முந்திப் போவார். "என்ன நிதானம், பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டுக்கொண்டே போவார். இவரும் சிரித்துக்கொண்டே வழிவிடுவார். அதே மனிதர்தான் மலைச்சாலையில் ஜல்லி பறக்க ஓட்டியவர்.

இங்கே பேசியவர்கள் அவருடைய துணிச்சலைச் சொன்னார்கள். கைவேகத்தைச் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் ஐயா, துணிச்சலுக்கு இந்த நாட்டில் பஞ்சமா? துணிச்சல்காரர்கள் எத்தனை பேரைப் பள்ளத்திலிருந்து கயிறு கட்டித் தூக்கியிருக்கிறோம்! அப்படியானால் நிதானத்திடம் என்னதான் இருந்தது? இருபத்திரண்டு வருஷம் அவர் பக்கத்து இருக்கையில் இருந்தவன் சொல்கிறேன். அவரிடம் காது இருந்தது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ராலி வண்டியில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருக்கும் நேவிகேட்டர் அடுத்த வளைவு என்ன, அதற்கடுத்தது என்ன என்று சொல்லிக்கொண்டே வருவார். பந்தயத்துக்கு முன்னால் அந்தச் சாலையில் இரண்டு முறை மெதுவாகப் போய்ப் பார்க்க விடுவார்கள். அப்போது ஓட்டுபவர் சொல்லச் சொல்ல, மற்றவர் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் லாரியில் பதினோரு வருஷம் கிளீனராக இருந்தவன். எழுதவா தெரியும்? நோட்டில் புழு நெளிகிற மாதிரி கிறுக்கிக்கொண்டே போவேன். ஆனால் காதில் விழுந்தது ஒன்றுவிடாமல் மனதில் ஏறிவிடும். பந்தயத்தன்று மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, மனப்பாடமாகச் சொல்வேன். இரண்டு பந்தயம் ஜெயித்தோம். யாருக்கும் தெரியாது.

பத்திரிகைக்காரன் காட்டிக் கொடுத்தான். வெற்றிப் படத்தில் நான் நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். அட்டையில் ஒட்டிய வண்டி எண் கவிழ்ந்து கிடந்தது! நிதானம் பட்டறைக்கு வந்து அந்தத் தாளை என் முன்னால் விரித்தார்.

"அண்ணே, இதுல என்ன தெரியுது?"

"நம்ம ரெண்டு பேரும் தெரியறோம் தம்பி."

"நோட்டு?"

எனக்கு எழுத்தே தெரியாது என்று சொல்லிவிட்டேன். பிழைப்பு போயிற்று என்று துணிப்பையைக்கூட எடுத்துவிட்டேன். அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லதாப் போச்சு. மழை வந்தா எல்லாப் பயலோட நோட்டும் நனையும். நம்ம நோட்டு நனையாது. பையை வை."

அந்தப் படத்தைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். ஆனால் ஏன் ஒட்டினார் என்று சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்படித் தூக்கி வைத்த மனிதருக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வருஷம், இரண்டு நாள் பந்தயம். முதல் நாள், ஒடுக்கமான இடது வளைவை அகலமான வளைவு என்று சொல்லிவிட்டேன். எப்படி அப்படி வாய் தவறியதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் சந்தேகப்படாமல் திருப்பினார். வண்டி இரண்டு குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்ந்து நின்றது. பெல்ட்டில் இரண்டு பேரும் வௌவால் மாதிரி தொங்குகிறோம். கண்ணாடித் தூள் வாய்க்குள். அப்போது அவர் கேட்டார்:

"அடுத்தது என்ன அண்ணே?"

வேடிக்கை பார்த்தவர்கள் வண்டியை நிமிர்த்தித் தள்ளிவிட்டார்கள். அன்று சாயங்காலம் பட்டறை மேஸ்திரி தகரத்தைத் தட்டித் தட்டி நேராக்கினார். "என்னப்பா ஆச்சு?" என்றதற்கு நிதானம், "வளைவு கொஞ்சம் கோவமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்!

மறுநாள் முதல் ஓட்டத்திலேயே ஒரு மேடு. ஏறும்போது முன்கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். இடப்பக்கம் பள்ளத்தாக்கு. மேட்டுக்கு அப்பால் சாலை நேராகப் போகிறதா, திரும்புகிறதா? ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. என் வார்த்தை ஒன்றுதான் அவருக்குச் சாலை. நான் மனதுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். அந்த மேட்டில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து அவர் கால் மயிரிழை மேலே வந்தாலும் போதும், என் மேல் வைத்த நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம். ஓட்டம் முடிந்ததும் இறங்கிவிடுவேன். பிறகு எந்த வண்டியிலும் ஏற மாட்டேன். அவர் கால் எனக்குத் தெரியாது. கால் எடுத்தால் இன்ஜின் சத்தம் இறங்குவது காதுக்குத் தெரியும்.

மேடு வந்தது. "நேர், முழுசா மிதி" என்றேன்.

சத்தம் இறங்கவில்லை, ஐயா! ஒரு பிசிறுகூட இறங்கவில்லை! வண்டி தரையை விட்டு எழும்பி, அந்தப்பக்கம் நேர்ச்சாலையில் போய் விழுந்தது.

முடிந்ததும் கேட்டேன்: "தம்பி, பயமே இல்லையா உனக்கு?"

"பயம் இல்லாம என்ன அண்ணே?"

"அப்புறம் ஏன் கால் எடுக்கல?"

"எடுத்திருந்தா நீ இறங்கிப் போயிருப்பே. நேத்து ராத்திரி உன் மூஞ்சியப் பாத்தேன்ல? அப்புறம் மிச்ச மேட்டையெல்லாம் எவன் சொல்றது?"

அந்தப் பந்தயத்தில் நாங்கள் ஏழாவதாக வந்தோம். ஐந்து கோப்பைகளில் அது சேராது. அவர் ஜெயித்ததிலெல்லாம் பெரியது அந்த ஏழாவது இடம்தான் என்று இந்தச் சபையில் சொல்கிறேன்.

மகளே, அடுத்த மாதம் அப்பாவின் வண்டியை நீ எடுக்கப் போகிறாய். சாலை பார்க்க நாளைக் காலை கிளம்புகிறாய். நேற்று என்னிடம் வந்து, "பெரியப்பா, என் நேவிகேட்டர் புதுசு. சாலை பாக்கப் போறப்போ நீங்க பின்னாடி உக்காந்து, அவ தப்பாச் சொன்னா உடனே திருத்துங்க" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள்.

வருகிறேன். ஆனால் ஓடும் வண்டியில் உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். தப்பு இருந்தால் வண்டி நின்ற பிறகு அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுச் சொல்வேன். அவள் வாயால் நீ கேள். உன் காதுக்கு அவள் குரல் ஒன்று போதும். அந்தச் சாலை எனக்குத் தலைகீழ்ப் பாடம், வாய் துறுதுறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பேன். நிதானம் அவர்களே, இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.