அறுபத்தோரு தம்பிகளின் அக்கா

மேடையின் நடுவில் அமர்ந்து, இவன் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் அவைத் தலைவர் அம்மையார் அவர்களே! பதினோரு நாடுகளிலிருந்து பறந்து வந்து, பாதித் தூக்கத்தை இன்னும் கண்ணிலேயே வைத்திருக்கும் மனிதவள அதிகாரிகளே! என்னைவிட மூத்தவர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால், பெரியோர்களே! முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்திருக்கும் தாய்மார்களே! என் உடன்பிறவாத அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அதோ, பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் மேடம்! இப்போது நான் சொன்ன அண்ணனையும் அக்காவையும் பார்த்துப் பதமாக மாற்றுங்கள். ஒருமுறை அதை அவசரமாக மாற்றியதால்தான் ஒருத்தியின் வேலையே போகப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் என்னை இங்கே ஏற்றியிருக்கிறார்கள்.

நான் யார்? ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் நம் தொழிற்சாலையில் முப்பத்தேழு ஆண்டுகள் கேட்டில் காவலுக்கு நின்றவன். எழுதத் தெரியாது. படிக்கத் தெரியாது. ஆனால் உள்ளே போன ஒவ்வொருவரின் முகம் தெரியும், முதுகு தெரியும், முனகலும் தெரியும். யார் எந்தக் கிழமை விடுப்பு எடுத்தார், யார் வீட்டில் எத்தனை பேர் என்று எழுத்தர்கள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அதனால் எனக்கு வைத்த பெயர் ரிஜிஸ்டர். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு இப்படி ஒரு பெயர்! சிரியுங்கள், சிரியுங்கள். நானும் முப்பத்தேழு வருஷம் சிரித்தவன்தான்.

நம் நிறுவனத்தில் பதினான்காம் விதி என்று ஒன்று உண்டு. ஒரே பிரிவில் நெருங்கிய உறவினர் இருவர் வேலை செய்யக் கூடாது. செய்தால் மறைக்கக் கூடாது. மறைத்தால் வேலை இல்லை. நல்ல விதி. மாமனும் மச்சானும் சேர்ந்துகொண்டு மற்றவன் வயிற்றில் அடிக்காமல் இருக்க வந்த விதி. அந்த விதியை நான் குறை சொல்ல வரவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று மணி பத்து நிமிஷம். பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மாள் கேட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றி என் மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"வாங்கி வச்சுக்கோங்கண்ணே. விசாரணை முடியிற வரைக்கும் உள்ள வரக் கூடாதாம்."

"என்னம்மா பண்ணுனே?"

"என் தம்பிக்கு லைன் லீடர் வேலை போட்டுக் குடுத்துட்டேனாம்."

"உனக்கு ஏதும்மா தம்பி? நீ ஒத்தப் புள்ளையாச்சே!"

"அதைப் போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. மிஷினு கண்டுபிடிச்சிருக்காம்."

நடந்தது இதுதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவனை, நன்றாக வேலை செய்கிறான் என்று லைன் லீடர் பதவிக்கு அவள் சிபாரிசு செய்தாள். பொறுக்காத எவனோ பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதினான்: 'அவன் அக்காதான் வாங்கிக் கொடுத்தாள்.' மேலிடம் தொலைவில், கடல் தாண்டி இருக்கிறது. அவர்கள் பேக்கிங் பிரிவின் கைப்பேசிக் குழுச் செய்திகளை எடுத்து மொழிபெயர்க்கும் மிஷினில் போட்டார்கள். 'அக்கா, லாரி வந்துருச்சு.' 'அக்கா, நாளைக்கு லீவு.' 'சரிடா தம்பி.' அவன் மட்டும் நாற்பத்தேழு முறை அக்கா என்று எழுதியிருக்கிறான். உடன்பிறந்தவள் என்று மிஷின் முடிவு கட்டியது. ஒரு பிரிவு முழுக்க அறுபத்தோரு பேர் அவளை அக்கா என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஒரு தாய் வயிற்றில் அறுபத்தோரு தம்பிகளா என்று அந்த மிஷின் ஒரு நிமிஷம் யோசித்ததா? ஒரு மூச்சு நின்றதா?

என்னப்பா, பின்னால்? மைக்கைக் கிட்டே வைக்க வேண்டுமா? என்னவென்று கூப்பிட்டாய், தாத்தாவா? யாரப்பா அது, அவன் அட்டையை வாங்கி வையுங்கள். பதினான்காம் விதி!

நான் நேரே நம் ஊழியர் அலுவலக மேலாளரிடம் போனேன். அவரும் நல்ல மனிதர்.

"சார், அந்தப் பொண்ணுக்குத் தம்பியே கிடையாது சார்."

"எனக்குத் தெரியாதா ரிஜிஸ்டர்? ரெண்டு தடவை எழுதிப் போட்டுட்டேன். ஆதாரம் கேக்குறாங்க. இருக்குற உறவுக்கு ஆதாரம் காட்டலாம். இல்லாத உறவுக்கு நான் எங்க போயி ஆதாரம் எடுக்குறது?"

"என்னைப் பேச விடுங்க சார்."

"நீங்க என்ன பேசுவீங்க?"

"தெரிஞ்சதைப் பேசுவேன்."

வியாழக்கிழமை விசாரணை. சுவரில் பெரிய திரை. திரையில் ஒரு அம்மையார். இதோ, இன்று நமக்குத் தலைமை தாங்கும் இதே அம்மையார்தான். மேஜையின் ஒரு பக்கம் குற்றம் சாட்டப்பட்டவள், ஒரு பக்கம் மேலாளர், நடுவில் நான். எனக்குப் பக்கத்தில், நான் பேசுவதை அந்த அம்மையாரின் மொழியில் மாற்றிச் சொல்ல, வருகைப் பதிவு பார்க்கும் நேர அலுவலகத்து எழுத்தர் மேடம்.

சொன்னேன். இவளை முதல் நாள் கேட்டில் கொண்டுவந்து விட்டது இவள் அம்மா, கையில் நீலக் குடை, 'எனக்கு இருக்குறது இவ ஒருத்திதான், பாத்துக்கோங்க' என்றாள் என்று சொன்னேன். அந்தப் பையனுக்கு இரண்டு அண்ணன், இருவரும் தச்சர்கள், அக்கா கிடையாது என்று சொன்னேன். திரையில் இருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

மேடம் மாற்றிச் சொன்னாள்: "இதெல்லாம் எழுத்துல எங்கயாவது இருக்கான்னு கேக்குறாங்க சார்."

"இல்லைங்க. என் தலையில இருக்கு."

"தலையை ஃபைல்ல சேர்க்க முடியாதாம் சார்."

பேக்கிங் அம்மாளைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. கழுத்தில் அட்டை தொங்கிய இடத்தைக் கை மட்டும் தடவிக்கொண்டிருந்தது. நான் பார்வையை மாற்றிக்கொண்டேன். ஏன் தெரியுமா? இல்லாத உறவுக்காக அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். மறைத்த உறவோடு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பதினோரு வருஷம் பின்னால் போக வேண்டும். என் மகள் பரீட்சை எழுதி, தன் மூளையால் இந்த நிறுவனத்தில் வேலை வாங்கினாள். முதல் நாள் காலையில் வீட்டில் நான்தான் சொன்னேன்.

"கேட்டைத் தாண்டினா நீ யாரோ, நான் யாரோ. அப்பான்னு கூப்பிட்டே, நான்தான் கதவைத் தொறந்து உன்னை உள்ள தள்ளிவிட்டேன்னு நாலு பேரு பேசுவான்."

"அப்போ எப்படிப்பா கூப்பிடுறது?"

"சார்னு கூப்பிடு. நான் மேடம்னு கூப்பிடுறேன்."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல்: "நல்லா இருக்கு கூத்து! வீட்டுக்கு வந்து, நான் யாருன்னு ரெண்டு பேரும் சேர்ந்து கேப்பீங்களா?"

அப்போது பதினான்காம் விதி இல்லை. நான்கு வருஷம் கழித்து வந்தது. கேட்டும் நேர அலுவலகமும் ஒரே நிர்வாகப் பிரிவு. ஒவ்வொருவரிடமும் படிவம் வாங்க மைப்பெட்டியோடு வந்தவளே அவள்தான்.

"சார், இந்தப் பிரிவுல உங்களுக்கு உறவுக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"யோசிச்சுட்டேன். மையைக் கொண்டாங்க."

வைத்தேன் கட்டைவிரலை. படிக்கத் தெரியாத நான், தெரிந்தே சொன்ன பொய் அது.

விசாரணை அறைக்கு வருகிறேன். வாயைத் திறந்தேன், நிறுத்தினேன். சொன்னால் இரண்டு வேலை போகும். சொல்லாவிட்டால் ஒரு வேலை போகும், அதுவும் தப்பே செய்யாதவளின் வேலை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காதுக் கருவியைச் சரி செய்துகொண்டு, மெல்லச் சொன்னாள்: "சொல்லுங்க சார். நான் மாத்திக்கிறேன்."

சொன்னேன்.

"அம்மா, உங்க மிஷினு உறவுச் சொல்லைத் தேடுது. இந்தப் பொண்ணை அறுபத்தோரு பேரு அக்கான்னு கூப்பிடுறான். அதுல ஒருத்தனும் தம்பி இல்ல. இதே அறையில ஒருத்தி என்னைப் பதினோரு வருஷமா சார்னு கூப்பிடுறா. ஒரு நாளு, ஒரு செய்தியில, வாய் தவறிக்கூட வேற மாதிரி கூப்பிட்டதில்ல. அவ நான் பெத்த பொண்ணு. இப்ப உங்களுக்கு இதை மாத்திச் சொல்லப்போறவ அவதான்."

அவள் மாற்றினாள். ஒரு சொல் விடவில்லை. எனக்கு அந்த மொழி தெரியாது. பிறகு எப்படித் தெரியும் என்கிறீர்களா? திரையில் இருந்த அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி என் மூக்கைப் பார்த்தார். எங்கள் குடும்ப மூக்கு அப்படி! அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

ஆறு நாளில் மூன்று கடிதம் வந்தது. முதல் கடிதம், பேக்கிங் அம்மாளுக்கு. அட்டையை என் கையாலேயே திருப்பிக் கொடுத்தேன். பையனுக்கும் பதவி நிலைத்தது. இரண்டாவது கடிதம் என் மகளுக்கு, எழுத்தில் எச்சரிக்கை. மூன்றாவது எனக்கு: இருவரில் ஒருவர்தான் இருக்கலாம், யார் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குப் பதினான்கு மாதம் சர்வீஸ் மிச்சம். அவளுக்கு இருபது வருஷத்துக்கு மேல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொய் சொல்லச் சொன்னவன் நான், போனவனும் நான். தண்டனை தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு இந்த அம்மையார் ஒரு வேலை செய்தார். எந்த நாட்டு விசாரணையானாலும், அந்த இடத்தில் வேலை செய்யும், அந்த மொழி பேசும் ஒருவர் மேஜையில் உட்காராமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்று விதியில் ஒரு வரி சேர்த்தார். கை தட்டுவதென்றால் அதற்குத் தட்டுங்கள்.

மனிதவளம், மனிதவளம் என்கிறீர்கள். இரும்பு வளத்தை நிறுத்துப் பார்க்கலாம். மர வளத்தை அளந்து பார்க்கலாம். மனித வளத்தை எதை வைத்துப் பார்ப்பீர்கள்? படிவத்தை வைத்தா? படிவத்தில் நான் பொய்யன் என்று எழுதியிருந்ததா? மிஷினை வைத்தா? மிஷினுக்கு 'அக்கா' என்பதில் இருக்கும் மரியாதை தெரிந்ததா? 'சார்' என்பதில் இருந்த பாசம் தெரிந்ததா? பதினோரு நாட்டுக்கும் ஒரே விதி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பதினோரு நாட்டுக்கும் ஒரே காது போதாது! அந்தந்த வாசலில் அந்தந்தக் காது வேண்டும். சந்தேகம் வந்தால் திரையை மூடுங்கள், எழுந்து போங்கள், கேட்டில் நிற்பவனைக் கேளுங்கள். அவனுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம், ஆள் தெரியும்!

கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். முடித்துவிடுகிறேன்.

என் கடைசி நாள். வேலை முடியும் நேரம், ஆயிரம் பேர் வெளியே வருகிறார்கள். சாவிக்கொத்தை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்தேன். நேர அலுவலக ஜன்னல் திறந்தது. பதினோரு வருஷம் அடக்கி வைத்த குரல். முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்த குரல்.

"அப்பா! இருங்க, நானும் வரேன்!"

அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே கேட் வழியாக, முதல்முறையாக, சேர்ந்து வெளியே வந்தோம்.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. தன்னைத் திருத்திக்கொண்ட கதையைத் தன் முன்னாலேயே சொல்ல விட்ட தலைவர் அம்மையாருக்குத் தனி நன்றி. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மேடம்... பழக்கம் விடமாட்டேன் என்கிறது. மகளே! இந்தப் பேச்சைப் பதினோரு நாட்டுக்கும் கொண்டு சேர்த்தவளே! கடைசியாக ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டுக் கருவியைக் கழற்று, வீட்டுக்குப் போகலாம்:

அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பிகளே, தங்கைகளே, உறவில்லாத என் உறவுகளே, போய் வருகிறேன். வணக்கம்!