மூணு தெரு தள்ளி

— பெட்டி மேல என்ன எழுதுதிய, ஸமீஹா வாப்பா?

— பேரு. நூகு, காயல்பட்டினம், தமிழ்நாடு, இந்தியா. அடியில போன் நம்பரு.

— யா அல்லாஹ்! மூணு தெரு தள்ளிக் குடி போறதுக்கு இந்தியான்னு வேற எழுதணுமாக்கும்? லோடு ஆட்டோ பாக்கியசீலன் வழி தெரியாம இலங்கைக்கா கொண்டு போயிருவாரு?

— சிரிக்காத சபீதா. கை பழகிட்டு. பெட்டியக் கட்டுனா பேரு எழுதாம இருக்க முடியல. கயிறப் பாரு, எப்படி இறுக்கியிருக்கேன். சவுதியில, தமாம்ல இருந்து இப்படி எத்தன பெட்டி அனுப்பியிருக்கேன்! ஒன்னாவது ஒடஞ்சி வந்துருக்கா?

— பெட்டியெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. கட்டுன ஆளுதான் வரல.

— என்ன சொன்னே?

— ஒன்னுமில்ல. பீங்கானப் பைய வையுங்க. அடியில பழந்துணியப் போடுங்க.

— இதையெல்லாம் அங்க எங்கன வைக்கப் போறே? ஒத்த அறை, ஒரு அடுப்படி, பின்வாசல்ல ஒரு குளியலறை. நேத்துப் போயிப் பாத்துட்டு வந்ததுல இருந்து எனக்கு நெஞ்ச அடைக்கு. இவ்வளவு பெரிய வீட்டக் கட்டிப்போட்டுட்டு...

— வீடு பிள்ளைக்குன்னுதான கட்டுனது? பொம்பளப் பிள்ளைக்கு வீடு குடுக்கதும், மாப்பிள்ள அந்த வீட்டுக்கு வாரதும் நம்மூர்ல புதுசா? நீங்களும் அப்படித்தான எங்க உம்மா வீட்டுக்கு வந்திய?

— வந்தேன். இல்லேன்னு சொல்லல. ஆனா ஒங்க உம்மாவும் வாப்பாவும் சாமானத் தூக்கிக்கிட்டு வெளியவா போனாவ? பின்கட்டுல இருந்துக்கிட்டாவல்ல?

— அது அந்தக் காலம்.

— எந்தக் காலமா இருந்தா என்ன! நிக்காஹ் நோன்பு கழிச்சுன்னு சொன்னாவ. சரி, அதுவரைக்காவது இந்த வீட்டுல ஆசதீர இருப்போம்னு நெனச்சேன். இப்போ மாப்பிள்ளையோட பாட்டனாரு ஆஸ்பத்திரியில கெடக்காரு, கண்ணால பாத்துரணும்னு ஆசப்படுதாரு, வார வெள்ளிக்கிழமையே நிக்காஹ்ங்காவ. நாளைக்கு பெயிண்ட் அடிக்க ஆளு வாரான். இன்னைக்கே வீட்ட ஒழிங்கன்னா? சம்பந்தி வீட்டுக்கு ஈவு எரக்கமே இல்லியா?

— அவுகளச் சொல்லாதிய. நல்ல மனுசங்க. மாப்பிள்ள சதாமும் தங்கமான பையன்.

— தங்கந்தான். திருச்செந்தூர்ல செல்போன் கட வச்சிருக்க தங்கம். துபாய்ல இருந்து எத்தன மாப்பிள்ள கேட்டு வந்தாவ! நீதான் ஒத்தக்கால்ல நின்னே.

— நின்னேன். பொழுதடைஞ்சா வீட்டுக்கு வார மாப்பிள்ளதான் எம்பிள்ளைக்கு வேணும்னு நின்னேன். அதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம் இல்ல.

— வரட்டும், நல்லா இருக்கட்டும். மாடியில ரெண்டு அறை இருக்குல்ல? அதுல நாம இருந்தா அவனுக்கு என்ன? ஒன்னு சொல்லுதேன், கேலி பண்ணக் கூடாது.

— சொல்லுங்க.

— தமாம்ல எங்க அறையில எட்டு பேரு. எனக்கு மேல் கட்டிலு. ஒருத்தன் கொறட்ட விடுவான், ஒருத்தன் போர்வைக்குள்ள போன வச்சிக்கிட்டு அழுவான். நான் கண்ண மூடிக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள நடப்பேன். வாசல், நடு ஹாலு, படி, மாடி. ஒவ்வொரு அறையாக் கதவத் தொறந்து பாத்து, வெளக்க அணைச்சிட்டு வருவேன். அப்பத்தான் தூக்கம் வரும்.

— அப்படி நடக்கையில நான் எங்கன இருந்தேன்?

— என்னது?

— ஒவ்வொரு அறையாப் பாத்தியல்ல. எந்த அறையில நான் இருந்தேன்?

— நீயா... நீ அடுப்படியில இருந்துருப்பே.

— சரிதான். அந்த சஹனக் குடுங்க இங்க.

— இது எதுக்கு? நாலு பேரு சுத்தி இருந்து திங்குத தட்டு. ஸமீஹாவுக்கு இருக்கட்டும்.

— அவளுக்குப் புதுசு வாங்கியாச்சு. ரெண்டு பேரு ஒரு சஹன்ல சாப்புட்டா ஆகாதா?

— ஒனக்கு வெளையாட்டா இருக்கு. எனக்கு வயிறு எரியுது. எட்டு பேரோட ஒத்த அறையில கெடந்தவன், கடைசிக் காலத்துலயும் ஒத்த அறைக்கா போகணும்? இந்த வீட்டுல நான் சேந்தாப்புல இருந்தது இந்த நாலு மாசந்தான். எந்த சுவிட்சுக்கு எந்த வெளக்குன்னுகூட இன்னும் பிடிபடல, அதுக்குள்ள...

— உம்மா, என் அலமாரிச் சாவி ஒங்ககிட்டயா இருக்கு? வாப்பா! ஏன் கண்ணு செவந்திருக்கு?

— ஸமீஹா, நல்ல நேரத்துல வந்தேம்மா. ஒம் மாமியாருட்ட வாப்பாவுக்காக ஒரு வார்த்த கேளேன். மாடியில மட்டும் இருந்துக்கிடுதோம். சதாமுக்கு ஒரு தொந்தரவும் வராது.

— வாப்பா, ஏன் இப்படிப் பேசுதிய? மாமி ஒன்னுமே... உம்மா, நீங்க இன்னுமா வாப்பாட்ட சொல்லல?

— ஸமீஹா, வாசல்ல லோடு ஆட்டோ வந்து நிக்கு. பாக்கியசீலன் அண்ணாச்சிக்கு டீ குடு, போ.

— இது நல்லால்ல உம்மா, சொல்லிட்டேன்.

— போ பிள்ளே.

— அவ என்ன சொல்லிட்டுப் போறா, சபீதா?

— ஒன்னுமில்ல.

— ஒன்னுமில்லாமயா மொகத்த இப்படி வச்சிருக்கே? சரி, நானே போறேன். என் சட்ட எங்க? நான் கட்டுன வீட்டுல ஒரு மூலையில இருந்துக்கிடுதேன்னு சம்பந்தியம்மாட்ட கேக்க எனக்கு வெக்கம் ஒன்னும் இல்ல.

— போவாதிய.

— ஏன் போகக் கூடாது?

— போனா அவுக முழிப்பாவ. நம்மள யாரும் போகச் சொல்லல.

— என்ன பிள்ளே சொல்லுதே?

— மாடியில நீங்க இருந்தாத்தான் சின்னஞ்சிறுசுகளுக்குத் தெம்புன்னு எங் கையப் பிடிச்சிக்கிட்டுக் கெஞ்சுனாவ. நாந்தான் மாட்டேன்னேன். ஒத்த அறை வீடாத் தேடிப் பிடிச்சதும் நாந்தான்.

— ஏன் சபீதா? நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்? இந்த வீட்டுக்காகத்தான எம் பாதி ஆயுச அங்க போட்டேன்?

— வீட்டுக்காகத்தான் போட்டிய. நான் ஒங்களுக்காக ஏங்கி ஏங்கியே கெடந்தேன், ஸமீஹா வாப்பா. ஒருவழியா வந்து சேந்திய. வந்த மறுநாளே, மேல நல்லாக் காத்து வருதுன்னு தலகாணியத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டிய. எம் முட்டுக்குப் படி ஏற முடியாதுன்னு தெரியும். ஒரு நாளாவது எறங்கி வந்தியளா?

— சபீதா...

— அந்த வீட்டுல மாடி கெடையாது. இனிமே எங்கன போயிப் படுப்பியன்னு நானும் பாக்குதேன்.