திரும்பி வரவேண்டிய பாதி

மணமக்களை வாழ்த்த எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பந்தியில் இலை போடவும் அதே ஐந்து நிமிடம்தான் ஆகுமாம். அதனால் அறிவுரை எதுவும் கிடையாது... ஒரேயொரு சின்னக் கதை, சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். ஈஸ்ட்டின் கதை.

ஆமாம், ஈஸ்ட்தான். பன்னை உப்ப வைக்கிறதே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல். அதற்குள் உட்கரு என்று ஒன்று, வீட்டுக்குப் பெரியவர் மாதிரி. செல்லின் பக்கத்தில் ஒரு மொட்டு விடும். அது மகள் வீடு. பெரியவர் இரண்டாகப் பிரிந்து வீட்டுக்கு ஒருவராக இருக்க வேண்டும். எங்கே நின்று பிரிவது? அங்கேதான் ஈஸ்ட்டுக்கு ஈஸ்ட் வழக்கம் வேறு.

மதுரையில் தணிகாசலம் என்று ஒரு பேராசிரியர். முப்பது வருடமாக ரொட்டி ஈஸ்ட் ஆராய்ச்சி. அதில் உட்கரு, தாய்க்கும் மொட்டுக்கும் நடுவில் இருக்கிற கழுத்தில், அதாவது வாசற்படியில் நின்று பிரியும். பாளையங்கோட்டையில் மங்கையர்க்கரசி என்று ஒரு பேராசிரியை. அவருடையது இளஞ்சிவப்பு ஈஸ்ட். அதில் உட்கரு முழுசாக எழுந்து மொட்டுக்குள்ளேயே போய்விடும். அங்கே போய்த்தான் பிரியும்.

இவர் மகன் வேலவனுக்கும் அவர் மகள் பூங்கோதைக்கும் கல்யாணம். பிள்ளைகள் மதுரையில் தனிக்குடித்தனம். பால் காய்ச்ச வந்தார் மங்கையர்க்கரசி. எப்போது திரும்பினார்? திரும்பவில்லை. எட்டு மாதம். அடுப்பு அவர் வசம், பீரோ சாவி அவர் இடுப்பில். தணிகாசலம் அடுத்த தெரு. தினமும் காலை ஆறரைக்கு வருவார். உள்ளே வரமாட்டார், நாகரிகம் தெரிந்தவர். வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே... ஒன்பது மணி வரை. கதவைச் சாத்த முடியுமா?

எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்ததில்லை. வேலவன் குவாஹாட்டிக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பமே எழுதிவிட்டான்.

அதைப் பார்த்துப் பயந்துதான் பூங்கோதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேச்செடுத்தாள். அம்மா அசரவில்லை. "பிரியணும்னாலும் மொட்டுக்குள்ள போய்த்தாண்டி பிரியணும். இயற்கையே அப்படித்தான்."

வாசலிலிருந்து குரல். "அது உங்க ஈஸ்ட், சம்பந்தியம்மா. மரியாதை தெரிஞ்ச ஈஸ்ட் வாசலோட நின்னுக்கும்."

பூங்கோதை உள்ளே போய் அம்மாவின் ஆய்வேட்டை எடுத்து வந்தாள்.

"ஏம்மா, மொட்டுக்குள்ள பிரிஞ்ச பிறகு என்ன ஆகும்?"

"ஒரு பாதி மொட்டுல இருக்கும்."

"இன்னொரு பாதி?"

மங்கையர்க்கரசி வீட்டில் என்ன வேண்டுமானாலும் சொல்வார். ஆராய்ச்சியில் பொய் சொல்லமாட்டார்.

"தாய்ச்செல்லுக்குத் திரும்பிப் போயிரும்."

"போகலைன்னா?"

"தாய்ச்செல் காலியாக் கிடக்கும்... அப்புறம் செத்துப்போகும்."

"அப்பா எட்டு மாசமா தனியா தயிர்சாதம் சாப்பிடுறாரும்மா."

வாசலில் சிரிப்பு. பூங்கோதை அந்தப் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்க ஈஸ்ட்ல பிரிஞ்சு முடிஞ்ச பிறகு அந்தக் கழுத்து என்ன ஆகும்?"

தணிகாசலமும் நேர்மையான விஞ்ஞானிதான். "சுவர் வச்சு மூடிக்கும்மா" என்றார். சொல்லிவிட்டு, உள்ளே இருந்த காலை எடுத்து வெளியே வைத்துக்கொண்டார்.

மங்கையர்க்கரசி நாலரை மணி பஸ்ஸில் ஏறினார். வேலவன் கதவைச் சாத்தினான். விண்ணப்பத்தைக் கிழித்தான். இரண்டு பேரும் காபி குடித்தார்கள். காபி சுமார்தான்... அது வேறு விஷயம்.

பெரியோர்களே, நான் என்ன சொல்கிறேன்? பிள்ளைகள் வீட்டுக்குப் போகாதீர்கள் என்றா? போங்கள். வாசலில் நிற்கிறவர்கள் நில்லுங்கள், உள்ளேயே போகிறவர்கள் போங்கள். அது அவரவர் ஈஸ்ட்டின் குணம், நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கே நின்று பிரிந்தாலும் கடைசியில் ஒரு வீட்டுக்கு ஒரு உட்கருதான். போன பாதி திரும்ப வேண்டும்... திறந்த வாசல் மூட வேண்டும்.

மணமக்கள் நீடூழி வாழ்க. மணமகளின் தாயார் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். அம்மா, மண்டபத்து வாசலில் உங்கள் பெயர் எழுதிய நாலு பெட்டிகளைப் பார்த்தேன். நாலரை மணி பஸ் இன்றைக்கும் உண்டு.