மேடத்துக்கு எதற்குச் சிரமம்

யாராவது கால் கடுக்க நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பேருந்தில் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, இறங்கும்வரை தொங்கிக்கொண்டே போவேன். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்பாள் என் மனைவி. அந்தக் குணத்தால்தான் இந்த அரசுப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனேன் என்றால் நம்புவீர்களா? மேடம் விஷயமாக விசாரிக்க வந்திருக்கிறீர்கள், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் வசதியாக உட்காருங்கள்.

எனக்கு முன்னால் இங்கே தலைமையாசிரியையாக இருந்த மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. காலையில் பள்ளி வாசலில் நிற்பார். உள்ளே வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "காய்ச்சல் விட்டுச்சாடா?" "அப்பா ஊருக்கு வந்துட்டாராம்மா?" இப்படி ஆளுக்கொரு கேள்வி. பெற்றோர்கள் தங்கள் குறையை அங்கேயே சொல்வார்கள். அரிசியில் புழு இருக்கிறது என்று சமையல்காரம்மா சொன்னால், மதியத்துக்குள் மூட்டை மாறியிருக்கும். கணக்கு வாத்தியாரும் அறிவியல் டீச்சரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், விளையாட்டு விழாவை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடத்த வேண்டும் என்று தலையில் கட்டிவிடுவார். விழா முடிவதற்குள் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவருடைய நிர்வாகம் மொத்தமும் அந்த வாசலில்தான் நடந்தது.

நான் உதவித் தலைமையாசிரியர். பக்கத்திலேயே நிற்பேன். வருகிறவர்கள் என்னைத் தூணைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டு அவரிடம் போவார்கள். அவருடைய பதவி எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்படுவது ஒன்றும் குற்றமில்லையே. அவர்மேல் ஏதாவது பழி அகப்படுமா என்று துருவித் துருவிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. பிறகு ஒரு மழை நாளில் அவர் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் அன்பு வந்தது அப்போதுதான்.

"மூட்டு வலியோட ஏன் மேடம் நிக்கிறீங்க? வாசலை நான் பாத்துக்கறேன்."

"பிள்ளைங்க முகத்தைப் பாக்கலேன்னா எனக்குப் பொழுதே விடியாது தம்பி."

"மழை விடற வரைக்கும்தான் மேடம்."

மழை விட்டது, நான் விடவில்லை. அவர் அறைக்கு மெத்தை வைத்த நாற்காலி வாங்கிப் போட்டேன். டீ மேஜைக்கே வந்தது. காலைக் கூட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன், வகுப்புகளைச் சுற்றிவரும் வேலையையும் எடுத்துக்கொண்டேன். அவரைத் தேடி வந்தவர்களிடம், "மேடம் வேலையா இருக்காங்க, என்கிட்ட சொல்லுங்க" என்றேன். அவரிடம் போய், "எல்லாம் நல்லாப் போகுது மேடம்" என்றேன். சொன்னவர்களின் குறைகளையெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

அரிசியில் புழு குடும்பம் நடத்தியது. கணக்கும் அறிவியலும் பிள்ளைகள் எதிரிலேயே கத்திக்கொண்டன. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் மேடத்தைத் தேடித் தேடி நின்றாள். என்னிடம் வாய் திறக்கவில்லை. பிறகு அவள் வரவேயில்லை, துணிக்கடையில் வேலைக்கு விட்டுவிட்டார்களாம். மேடத்துக்குத் தெரிந்திருந்தால் அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்திருப்பார். அந்த முழங்காலோடு படி ஏறி இறங்க வேண்டும், பாவம். நான் சொல்லவில்லை.

"மேடத்துக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு, கண்ணுலயே பட மாட்டேங்கறாங்க" என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மேலதிகாரிக்குப் பரிந்து பேசினால் காக்காய் பிடிப்பதாக நினைப்பார்கள்.

கல்வி அதிகாரி சோதனைக்கு வந்தார். மேடம் வெகு நாளைக்குப் பிறகு அறையை விட்டு வெளியே வந்து அவரை ஆறாம் வகுப்புக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்தால் உள்ளே உடைந்த பெஞ்சுகள். வகுப்பை நான் வேறு அறைக்கு மாற்றியிருந்தேன். அற்ப விஷயம், அவரிடம் சொல்லவில்லை. எதிரில் வந்த புதுப் பையனின் பெயரை அதிகாரி கேட்டார். மேடத்துக்குத் தெரியவில்லை. சமையல்காரம்மா புழு அரிசியைக் கொண்டுவந்து அதிகாரி எதிரில் கொட்டினார். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மிகுந்த வருத்தத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

அவரே விருப்ப ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டார். "கூடப் பிறந்தவன்கூட என்னை இப்படிப் பாத்துக்க மாட்டான்" என்று பிரிவு விழாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அவர் வீடு பள்ளிக்கு வருகிற தெருவில் இருக்கிறது. காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். பிள்ளைகள் அங்கே நின்றார்கள், பின்னாலேயே பெற்றோர்கள், சமையல்காரம்மா. ஒரு நாள் கணக்கும் அறிவியலும்கூட அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நானோ தலைமையாசிரியர் அறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குறை சொல்லக்கூட என்னிடம் ஆள் வரவில்லை. வயிறு எரிந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அவருடைய மகளை அவள் வேலை செய்யும் இடத்தில் போய்ப் பார்த்தேன். "அம்மாவுக்கு மறதி வந்துடுச்சும்மா. அன்னைக்கு வகுப்பையே மாத்தித் திறந்தாங்க. தெருவுல தனியா விடாதீங்க" என்றேன். ஊரே பார்த்த விஷயம், பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. மகள் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் வயசுதான் காரணம் என்றாராம், அவளுக்கு அது போதவில்லை. இப்போது வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். மேடத்துக்கு ஜன்னல் இருக்கிறது.

போன வாரம் காலையில், மகள் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே, பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்தேன். சீருடையில் ஒரு சிறுமி ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்தாள். மேடம் முகம் மலர்ந்து அவள் பெயரைச் சொன்னார். உடனே சந்தேகம் வந்து என் பக்கம் திரும்பினார்.

"சரியாத்தானே சொல்றேன் தம்பி?"

சரியாகத்தான் சொன்னார். இனிஷியலோடு சொன்னார்.

"இல்லீங்க மேடம், அது வேற பிள்ளை" என்றேன். "நீங்க ரொம்ப யோசிக்காதீங்க."

அவர் ஜன்னலை விட்டு நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. நிம்மதியால்தான் என்று நினைக்கிறேன்.