திரும்ப வேண்டிய நேரம்

"விமானம் எரியுதுன்னு தெரிஞ்ச பெறகும் ஏன் தம்பி முன்னால போனிய?"

எட்டயபுரம் போகும் பேருந்தில் முன் இருக்கையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும் செய்தித்தாளை மடித்துவிட்டேன். கேட்டவர் ஐம்பது வயதுப் பெண். காலடியில் விதைப் பை. பக்கத்தில் அவருடைய கொழுந்தன். கொழுந்தன் மடியில் இருந்த பலகை விளையாட்டுப் பெட்டியின் மேல் படத்தில் இரண்டு போர் விமானங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன.

"பகடைல ஒரே ஒரு ஆறு விழுந்திருந்தா உங்க விமானத்தச் சாச்சிருப்பேன், மைனி."

"விழலைல்லா? ரெண்டு அடி வாங்குனதும் பலகை ஓரத்தத் தாண்டிப் போயிரணும். ஓட்டுதவன் தப்பிச்சாத்தான் அடுத்த ஞாயித்துக்கெழம அவன வச்சு ஆடலாம். ஏழு வாரமா வளத்த ஆளு. அநியாயமாக் கொன்னுட்டியளே."

"இன்னும் ஒரு தடவ உருட்டிப் பாப்போம்னு தோணிச்சு."

"அப்படித்தான் தோணும். அப்பம்தான் திரும்பணும்."

வெளியே உழுத கரிசல் காய்ந்து கிடந்தது. கொழுந்தன் பையைப் பார்த்தார்.

"மழைக்கு முன்ன உளுந்து வெதச்சியளே, என்னாச்சு?"

"ஒரு தூத்தல்ல மொளச்சுக் கருகிட்டு. மறுபடி வெதச்சத எறும்பு இழுத்துட்டு."

"அப்பம் இது மூணாவது. ரெண்டு அடி வாங்கியாச்சுல்லா, மைனி?"

அந்தப் பெண் விதைப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். அவருடைய ஊர் நிறுத்தம் வந்தது. இறங்கி, பையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, ஜன்னலில் தெரிந்த கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார்:

"கெழக்க மேகம் கருக்குது தம்பி."

நானும் குனிந்து பார்த்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது.