ஏழு கிரீன்களின் பழி

கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் கேப்டன் இஷ்பெல் மெல்ட்ரம் அவர்களே, மேடையில் இருக்கும் செயற்குழு நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எஃபி டல்கார்னோ அம்மையாரே, ஈரக் கோட்டைக் கழற்றாமல் பின்சுவரோரம் நிற்கும் மைதானப் பணியாளர்களே, கின்னார்க்கி கோல்ஃப் மன்றத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பணியாளர்களே, முதலில் நீங்கள் உட்காருங்கள். முன்னால் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. இது உங்கள் கூட்டம்.

நான் இன்னஸ் லம்ஸ்டன். இந்த ஊரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கால்நடை மருத்துவராக இருந்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த மன்றத்தின் கேப்டனாக இருந்தேன். இப்போது புல்தளக் குழுவின் பொறுப்பாளன். நம் தலைமை மைதானக் காப்பாளர் வில்மா டல்கார்னோ அம்மையார் மறைந்து இன்றோடு எட்டு நாள். இந்த எட்டு நாளும் நான் அழவில்லை. காலையில் எழுந்து சவரம் செய்தேன். ரொட்டி சுட்டேன், அது தட்டிலேயே கிடந்தது. நாயை நடத்திக் கூட்டிப்போனேன். பனியில் கால் விறைத்துப்போன ஆட்டுக்கு அப்போது வலி தெரியாது, சூடேறும்போதுதான் தெரியும் என்று எத்தனையோ பண்ணைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு இன்னும் சூடேறவில்லை. ஆகவே என் பேச்சில் ஈரம் இல்லையென்று யாரும் வருந்த வேண்டாம்.

வில்மா அம்மையார் இந்த மைதானத்தில் முப்பத்தொரு குளிர்காலம் வேலை செய்தார். கோடைகாலத்தை நான் சொல்லவில்லை. கோடையில் புல் தானாக வளரும், வெட்டினால் போதும் என்பார் அவர். ஒரு மைதானத்தைக் காப்பாற்றுவது என்றால் அது நவம்பரிலிருந்து மார்ச் வரை காப்பாற்றுவதுதான்.

கோல்ஃப் ஆடாத உறவினர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு வார்த்தை. குழியும் கொடியும் இருக்கும் வழவழப்பான புல்தளத்தைத்தான் நாங்கள் கிரீன் என்கிறோம். அந்தப் புல் தீக்குச்சித் தலை அளவுக்கு உயரம். உறைபனி பிடித்த காலையில் அதன்மேல் ஒருவர் நடந்தால், நடந்த தடம் கறுத்துப்போகும். அதனால் குளிர்காலத்தில் அந்தத் தளத்தை மூடிவிட்டு, அதற்குச் சற்றுத் தூரம் முன்னால் சாதாரணப் புல்லில் வட்டமாக வெட்டி, கொஞ்சம் பெரிய குழி தோண்டி, கொடியை அங்கே நடுவார்கள். அதுதான் குளிர்கால கிரீன். முதல் அடியை ரப்பர் விரிப்பின் மேலிருந்து அடிக்க வேண்டும். நடுவழியில் பந்து எங்கே கிடந்தாலும் எடுத்து, கையோடு கொண்டுபோகும் சிறு விரிப்பில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். தள்ளுவண்டிக்கு அனுமதி இல்லை. பையைத் தோளில் சுமக்க வேண்டும். நடக்கிற கால் ஒரே இடத்தில் விழாதபடி வாராவாரம் கயிறும் முளையும் இடம் மாறும்.

இதையெல்லாம் நம் உறுப்பினர்கள் விரும்பினார்களா? அன்போடு ஏற்றுக்கொண்டார்களா? நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விரிப்புகளைப் பழைய பாயிலிருந்து அவரே வெட்டி, ஆட்டம் தொடங்கும் முதல் திடலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். அதோ உட்கார்ந்திருக்கும் கார்டன் ஸ்பென்ஸ் ஒருநாள் அவரிடம் சொன்னார்:

"என் பொண்டாட்டிகூட என்னை இவ்ளோ கறாரா கால் துடைக்கச் சொன்னதில்ல, வில்மா."

"அதான் உங்க வீட்டுக் கம்பளம் அந்த லட்சணத்துல இருக்கு. பிடிங்க, அடுத்த ஆளுக்கு வழி விடுங்க" என்றார் அவர்.

சிரிக்கலாம், கார்டன். அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

கடைசி நாளைப் பற்றிச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை. துணைக் காப்பாளர் ஸ்ட்ரூவன் பெட்ரிதான் அவரை முதலில் பார்த்தது. நான்காவது கிரீனின் ஓரத்தில், உட்காரப் போட்டிருக்கும் மரப்பலகையில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னார். ஸ்ட்ரூவன் என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான்: "டாக்டர், பனியில அவங்க காலடி நல்லாத் தெரிஞ்சுது. கிரீனுக்குக் குறுக்கால போயிருந்தா பலகைக்கு இருபது அடிதான். அவங்க சுத்திப் போயிருக்காங்க. நெஞ்சு வலியோட, சுத்திப் போயிருக்காங்க."

இதற்கு மேல் அவர் கடமையுணர்வைப் பற்றி நான் என்ன புகழ்ந்து பேச?

புகழ்ந்து பேசுவதற்காக நான் இங்கே ஏறவில்லை. அவர்மீது இந்த மன்றம் சுமத்திய ஒரு பழி இருக்கிறது. அது யாருடையது என்று சொல்லவே ஏறினேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை. குளிர்காலத் தொடரின் இறுதிப் போட்டி நம் மைதானத்தில். பக்கத்து ஊர் மன்றத்திலிருந்து பேருந்தில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். உண்மையான கிரீன்களில் ஆடலாம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். ஒரு வாரம் இறுகக் கட்டிய உறைபனி, அன்று காலைதான் விட்டது. பத்தரை மணிக்கு பென்னஹீ மலைக்கு மேல் வெயில் வந்தது. புல் பச்சையாக மின்னியது. வில்மா அம்மையாரோ எல்லாக் கொடிகளையும் குளிர்கால கிரீன்களில் நட்டுவைத்திருந்தார்.

நான் முதல் கிரீனுக்குப் போனேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஓரத்தில் குனிந்து, மண்ணில் குத்தினார். ஒரு விரற்கடை இறங்கியது. அதற்குப்பின் டொக்கென்று நின்றது.

"கேட்டுச்சா டாக்டர்? மேல கஞ்சி, கீழ கல்லு. இப்ப நடந்தா மேல்மண்ணு வழுக்கி நகரும். வேர் கீழ ஐஸ்ல மாட்டியிருக்கு. பட்டுபட்டுன்னு அறுந்துரும். முழுப் பனியில நடக்கிறதைவிட இது மோசம்."

"வெயில் அடிக்குது, வில்மா. பஸ் வந்துட்டிருக்கு."

"வரட்டும். சூப்பு குடுத்து உக்கார வைங்க. ஒரு மணிக்கு மறுபடியும் குத்திப் பாப்போம். ஆகலேன்னா குளிர்கால கிரீன்லயே ஆடட்டும்."

"இறுதிப் போட்டியப் போய் மேய்ச்சல் புல்லுல ஆடச் சொல்றதா? நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிச்சா இன்னைக்கு ஒரு நாள் சிரிப்பாங்க. அதுக்காக வருஷம் பூராவும் நாம அழணுமா?"

"நான் கேப்டன். நான் சொல்றேன். கொடிய மாத்துங்க."

அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "சொன்னது நீங்கதான்னு உங்களுக்கு ஞாபகம் இருந்தாச் சரி" என்றார். பதினெட்டுக் கொடிகளையும் தன் கையாலேயே மாற்றினார். வேறு பணியாளர் யாரையும் அதைத் தொட விடவில்லை.

அறுபத்துநான்கு பேர் ஆடினார்கள். நாம் வென்றோம். அந்தக் கோப்பை இந்த அறையில்தான் எங்கேயோ இருக்கிறது.

ஏப்ரலில் மற்ற இடமெல்லாம் பச்சை திரும்பியது. ஏழு கிரீன்களில் திரும்பவில்லை. ஒவ்வொரு காலடியும் மஞ்சளாகத் தெரிந்தது. குழியைச் சுற்றி வெறும் மண். மே மாதம் இதே மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூடியது. உங்களில் பாதிப்பேர் அன்று இருந்தீர்கள். நாற்பது நிமிடம் அவரை நிற்கவைத்துப் பேசினீர்கள். சோம்பேறி என்றார் ஒருவர். பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்றார் இன்னொருவர். கடைசியில் யாரோ எழுந்து கேட்டார்: "அன்னைக்கு யாரு திறக்கச் சொன்னது?"

அவர் மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை அல்ல அது. முறை வந்தவருக்கு வழிவிட்டு நிற்பதுபோல் நின்றார். நான் என் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிரீன் என் பொறுப்பு. என் கையில இருக்கும்போதுதான் செத்துச்சு. திருப்பிக் கொண்டுவர்றேன்" என்றார் அவர்.

எழுத்து மூலமாக எச்சரிக்கை தரத் தீர்மானம் போட்டோம். அதில் கையெழுத்து போட்டவன் யார்? நான்.

இதோடு முடிந்ததா? கடற்கரை ஊரிலுள்ள ஒரு பெரிய மன்றம், அவரைத் தலைமைக் காப்பாளராக எடுப்பதாக இருந்தது. வாழ்நாள் முழுக்க அவர் ஆசைப்பட்ட இடம் அது. நேர்முகம்கூட முடிந்திருந்தது. அவருடைய வேலையைப் பார்க்க அந்த மே மாதத்தில் இரண்டு பேர் இங்கே வந்தார்கள். ஏழு கிரீன்களையும் பார்த்தார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. இது எனக்குப் பல மாதம் கழித்து ஸ்ட்ரூவன் சொல்லித்தான் தெரியும்.

ஜூனில் ஒரு மதியம் அவருடைய இயந்திரக் கொட்டகைக்குப் போனேன். விதையையும் மணலையும் கலந்துகொண்டிருந்தார். எனக்குத் தேநீர் ஊற்றினார். நான் மன்னிப்பு கேட்டேன்.

"இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது டாக்டர்? எனக்குத் தெரியாத சேதியா? அடுத்த கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்வீங்களா?"

நான் கொட்டகை வாசலைப் பார்த்தேன்.

"அப்ப டீயக் குடிங்க. ஆறிடும்."

"அன்னைக்கு ஏன் என் பேரைச் சொல்லல?"

மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "சொல்லியிருந்தா நீங்க இல்லேன்னிருப்பீங்க. எல்லாரும் கேப்டன் பேச்சத்தான் நம்புவாங்க, அது கூடப் பரவால்ல. ஒரு தடவ என் மூஞ்சிக்கு நேரா இல்லேன்னு சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் தினம் உங்க மூஞ்சியப் பாத்து நான் எப்படி இங்க வேலை செய்யறது?"

அந்த ஏழு கிரீன்களையும் இரண்டு ஆண்டுகளில் அவர் மீட்டார். கத்தியால் கீறிக் கீறி விதைத்தார். நான் கேப்டன் பதவியை விட்டு, புல்தளக் குழுவுக்கு வந்தேன். ஒன்பது குளிர்காலம் முதல் திடலில் நின்று, குளிர்கால கிரீனைத் திட்டுகிறவர்களிடம் அவருக்காக வாதாடினேன். நல்லவன் என்று பெயரும் எடுத்தேன். சொல்ல வேண்டிய ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு சொல்லலாம் என்றிருந்தேன். அவருக்கு ஐம்பத்தேழு வயதுதான். நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

நேற்று எஃபி அம்மையார் வீட்டுக்குப் போனேன். அக்காவைப் பறிகொடுத்த அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் அடுப்பங்கரை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும். கூட்டம் முடிஞ்சு வந்த அன்னைக்கே சொல்லிட்டா. உங்களைக் கடையில பாத்தா நான் வேற வரிசையில போய் நிப்பேன். ஒன்பது வருஷமா. நீங்கதான் கவனிக்கல."

"நாளைக்குக் கூட்டத்துல பேசறேன்" என்றேன்.

"பேசுங்க. அழகா எல்லாம் பேச வேணாம்" என்றார்.

ஆகவே அழகில்லாமல் சொல்கிறேன். அன்று கொடியை மாற்றச் சொன்னது நான். மூட வேண்டும் என்று அவர் காரணத்தோடு சொன்னார். கேட்காதவன் நான். பொதுக்கூட்டத்தில் வாய் திறக்காதவனும் நான். வில்மா டல்கார்னோ அம்மையார் முப்பத்தொரு குளிர்காலத்தில் ஒரு கிரீனைக்கூடக் கொன்றவர் அல்ல.

கேப்டன் அவர்களே, இது இரங்கல் கூட்டம், தீர்மானம் போடும் இடமல்ல. பிப்ரவரி பொதுக்கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை நான் முன்மொழிவேன். குளிர்காலத்தில் மைதானத்தைத் திறப்பதும் மூடுவதும் தலைமைக் காப்பாளர் சொல்படியே, அதைக் கேப்டனோ குழுவோ மாற்ற முடியாது என்பது ஒன்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய எச்சரிக்கையை ரத்து செய்து, குறிப்பேட்டில் அவர் பெயருக்குப் பதில் என் பெயரை எழுதுவது இன்னொன்று. கடற்கரை மன்றத்துக்கும் நேற்றே எழுதிவிட்டேன். அவர்கள் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

ஸ்ட்ரூவன், நாளைக் காலை நீ சொல்வதுதான் முடிவு. விரிப்புகளை நான் கொடுக்கிறேன். கயிறும் முளையும் மாற்ற ஆள் வேண்டுமென்றால் கூப்பிடு, வருகிறேன். மார்ச் முடியும் வரை அவர் வைத்த ஒழுங்கில் ஒன்றும் குறையாது. இது என் உறுதி.

பிப்ரவரி கூட்டத்தில் நான் மேடையில் உட்கார மாட்டேன். கீழே, நடுவில், அன்று அவர் நின்ற இடத்தில் நிற்பேன். உங்களுக்குக் கேட்க வேண்டியது இருக்கும். கோபமும் இருக்கும். கேளுங்கள். இந்த முறை பதில் சொல்ல வேண்டியவன் நிற்கிறேன்.